காட்டிய சுவரும் காட்டாத குழியும்

பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். தோளிலே பை, கையிலே குறிப்பேடு, கண்ணிலே ஆவல்! பெர்லின் மாநகரின் பெர்னாவர் தெருவில் அன்றாடம் காணும் காட்சி இது. ஆசிரியர் முன்னே நடக்க, அணி அணியாகப் பின்தொடர்கிறார்கள் மாணவர்கள். எதைக் காண வருகிறார்கள்? அழகு மாளிகையையா? அரசர் கோட்டையையா? இல்லை. துருவேறிய கம்பிகளையும், ஒரு சுவரின் மிச்சத்தையும் காண வருகிறார்கள். ஒரு நகரை மட்டுமன்று, உலகையே இரு கூறாக்கி வைத்திருந்த கொள்கைப் போரின் தழும்பு அது!

மண்ணாசையால் மன்னர்கள் போரிட்ட நூற்றாண்டுகள் பல உண்டு. மணிமுடிக்காக மைந்தனே தந்தையைச் சிறைவைத்த காலமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டோ கொள்கைகள் களத்தில் இறங்கிய நூற்றாண்டு. இனவெறியையே அரசியலாக்கிய நாஜிசம் ஒருபுறம். பொதுவுடைமையின் பெயரால் எழுந்த ஒற்றைக் கட்சி ஆட்சி மறுபுறம். மக்களாட்சி பிறிதொரு புறம். இவை மோதிய மோதலின் வடுக்களை ஒரே உடம்பில் தாங்கி நிற்கும் நகர் பெர்லின். 1933 முதல் 1945 வரை அது இட்லரின் தலைநகர். போருக்குப் பின் நான்கு வல்லரசுகள் பங்கிட்டுக்கொண்ட நகர். 1961 முதல் 1989 வரை சுவரால் பிளக்கப்பட்ட நகர். ஆகவேதான், ஏட்டிலே படித்ததை இடத்திலே காட்டுவோம் என்று ஆசிரியர்கள் பிள்ளைகளை அங்கே அழைத்து வருகின்றனர்.

நன்று, மிக நன்று! ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. இடத்தைக் காட்டிவிட்டால் உண்மையைக் காட்டியதாகிவிடுமா? ஒரு திசையைச் சுட்டும் விரல், மற்றத் திசைகளிலிருந்து நம் பார்வையைத் திருப்பியும் விடுகிறதே! ஜெர்மனியில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போனார்கள், எதைச் சொன்னார்கள், எதை விழுங்கினார்கள் என்ற கதையைப் புரட்டிப் பார்த்தால், இக்கேள்விக்கு விடை கிடைக்கிறது.

முதலில் கிழக்கே செல்வோம். வைமார் என்றொரு சிற்றூர். கவிஞர் கதே வாழ்ந்து, 1832-இல் மறைந்த ஊர். அதன் அருகே எட்டர்ஸ்பெர்க் குன்று. கவிஞர் உலவிய அந்தக் குன்றின் காட்டில்தான் 1937-இல் நாஜிகள் புக்கன்வால்டு வதைமுகாமைக் கட்டினர். கலைக்கும் கொலைக்கும் இடையே சில கல் தொலைவுதான்! 1945 ஏப்ரல் வரை அங்கே அடைபட்டவர்கள் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர். மாண்டவர்கள் ஏறத்தாழ 56,000 பேர். யூதர், சிந்தி – ரோமா இனத்தார், சோவியத் போர்க்கைதிகள், பொதுவுடைமையர், சமூக ஜனநாயகக் கட்சியினர், யெகோவா சாட்சிகள், ஒருபால் விருப்பினர் – இட்லர் ஆட்சி வெறுத்த அனைவரும் அங்கே வதைக்கப்பட்டனர்.

போருக்குப் பின் அந்தக் குன்று கிழக்கு ஜெர்மனியின் பங்காயிற்று. 1958 செப்டம்பரில் அங்கே மாபெரும் நினைவிடம் எழுந்தது. வானளாவும் மணிக்கோபுரம், பிரிட்ஸ் கிரேமர் வடித்த, எழுச்சியுற்ற கைதிகளின் சிலைக்குழு. பள்ளிகளும் இளைஞர் அமைப்புகளும் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்துச் சென்றன. பதினான்கு வயதில் பிள்ளைகள் உறுதிமொழி ஏற்கும் விழா ஒன்று அந்நாட்டில் உண்டு. அவ்விழாவுக்கான பயிற்சியில் இத்தகைய இடத்தைக் கண்டுவருவதும் சேர்ந்திருந்தது.

அங்கே என்ன சொன்னார்கள்? பொதுவுடைமைக் கட்சித் தலைவர் எர்ன்ஸ்ட் தேல்மன் 1944 ஆகஸ்டில் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார் என்றார்கள். உண்மை! கைதிகள் மறைவாக ஓர் எதிர்ப்பு அமைப்பைக் கட்டினார்கள் என்றார்கள். உண்மை! இறுதி நாளில் கைதிகளே முகாமைத் தம் கைக்குக் கொண்டுவந்தார்கள் என்றார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் அமெரிக்கப் படை நெருங்கிவிட்டதால் காவலர்கள் ஓட்டமெடுத்தனர் என்ற பகுதியைச் சுருக்கிக்கொண்டனர். கட்சி வீரர்களை நடுவில் நிறுத்தினர். யூதராகப் பிறந்த ஒரே காரணத்தால் கொல்லப்பட்டோரை ஓரத்தில் ஒதுக்கினர்.

அடியோடு மறைத்த செய்தியும் ஒன்றுண்டு. 1945 ஆகஸ்டில், அதே முகாமின் அதே கம்பிவேலிக்குள், சோவியத் அதிகாரிகள் வேறொரு முகாமைத் திறந்தனர். ‘சிறப்பு முகாம் எண் 2’ என்பது அதன் பெயர். 1950 வரை அது நடந்தது. அடைக்கப்பட்டோர் சுமார் 28,000 பேர். அவர்களில் நாஜிக் கட்சியின் கீழ்மட்டப் பொறுப்பாளர்கள் மிகுதி. வெறும் ஐயத்தின் பேரில் பிடிபட்ட இளைஞரும், யாரோ காட்டிக்கொடுத்ததால் சிக்கியோரும் உண்டு. நீதி விசாரணை இல்லை. உறவினருக்கு ஒரு வரி எழுத உரிமை இல்லை. பசியிலும் நோயிலும் 7,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முகாமை அடுத்த காட்டில், பெயரில்லாக் குழிகளில் புதைக்கப்பட்டனர்.

எண்ணிப் பாருங்கள்! சிலையடியில் மலர் வைத்தனர் பிள்ளைகள். கொடுமையை ஒழித்தோம் என்ற சொற்பொழிவைக் கேட்டனர். அதே குன்றின் காட்டிலே குழிகள் கிடந்தன. அவற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெரிந்தவர்கள் அஞ்சி அடங்கினர். தெரியாத பிள்ளைகள் பாடம் முடிந்ததென்று வீடு திரும்பினர்.

இனி மேற்கே வருவோம். 1949 முதல் 1961 வரை கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்கள் சுமார் 27 இலட்சம் பேர். மக்கள் ஓடும் வழியை அடைக்க, 1961 ஆகஸ்டு 13-ஆம் நாள் கம்பிவேலி போட்டனர் கிழக்கு ஜெர்மன் ஆட்சியாளர். பின்னர் அது சுவராயிற்று. மேற்குப் பெர்லினைச் சுற்றி வளைத்த அந்த எல்லைக் கோட்டின் நீளம் ஏறக்குறைய 155 கிலோமீட்டர். பெர்னாவர் தெருவில் வீடுகள் கிழக்குக்குச் சொந்தம். வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதையோ மேற்குக்குச் சொந்தம்! வாசல்களை அடைத்தார்கள், மக்கள் சன்னல் வழியே குதித்தார்கள். ஆகஸ்டு 22-ஆம் நாள், 58 வயது இடா சீக்மன் என்ற மாது தம் வீட்டிலிருந்து குதித்து உயிரிழந்தார். பின்னர் சன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்தார்கள். சுவர் கொண்ட உயிர்கள் குறைந்தது 140.

மேற்கு ஜெர்மனியின் அரசு தன் பள்ளிப் பிள்ளைகள் இந்தச் சுவரைக் காண வேண்டுமென்று விரும்பியது. பெர்லின் பயணத்துக்குப் பொருளுதவி தந்தது. சுவரருகே மரத்தாலான பார்வை மேடைகள் இருந்தன. மாணவர்கள் படியேறி நின்று, அப்பால் தெரியும் காவற்கோபுரத்தையும் சாவுத் திடலையும் கண்டனர். பொதுவுடைமை ஆட்சி என்றால் என்னவென்று பாருங்கள் என்றனர். கண்ணெதிரே நின்ற உண்மை அது, மறுப்பார் யார்?

ஆனால் அங்கும் விரல் ஒரு திசையைத்தான் சுட்டியது! மேற்குப் பெர்லினில், அதே சுவரை ஒட்டியே, ஒரு வெற்று நிலம் கிடந்தது. பிரின்ஸ் ஆல்பிரெக்ட் தெரு, 8-ஆம் எண். இட்லரின் இரகசியப் போலீசான கெஸ்டபோவின் தலைமையகம் இருந்த இடம். அக்கம்பக்கத்துக் கட்டடங்களிலேயே எஸ்.எஸ். படையின் தலைமையும் இயங்கியது. ஐரோப்பா முழுவதிலும் யாரைப் பிடிப்பது, யாரை வதைப்பது, யாரைக் கொல்வது என்ற ஆணைகள் பிறந்த முகவரி அது. போரில் சிதைந்த அக்கட்டடங்களை ஐம்பதுகளில் இடித்துத் தரைமட்டமாக்கினர். பின்னர் அந்த நிலம் எதற்குப் பயன்பட்டது? இடிபாடுகளைக் கொட்டிவைக்கவும், உரிமம் இல்லாதோர் கார் ஓட்டிப் பழகவும்! சுவரைப் பார்க்க வந்த பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னே, சுவருக்கே காரணமான பழைய பாவத்தின் முகவரி புல் முளைத்துக் கிடந்தது. இட்லரின் போர் இல்லையேல் பிளவுபட்ட ஜெர்மனி ஏது? பிளவு இல்லையேல் சுவர் ஏது?

இதைவிட நெஞ்சைச் சுடும் கதை வான்சே ஏரிக்கரை மாளிகையின் கதை. 1942 சனவரி 20-ஆம் நாள் அங்கே பதினைந்து உயர் அலுவலர்கள் கூடினர். ஐரோப்பாவின் யூதர்களை அழித்தொழிக்கும் வேலையைத் துறைகள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பதே பேச்சு. நாடு நாடாகக் கணக்கெழுதி, ஒரு கோடியே பத்து இலட்சம் யூதர்கள் என்று பட்டியல் போட்டனர். கூடியவர்கள் கல்லாத கயவர்களா? அல்லர்! பாதிக்கு மேற்பட்டோர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். சட்டம் படித்தவர்கள், பண்பாடு பேசியவர்கள்!

அந்த மாளிகை போருக்குப் பின் என்னவாயிற்று? 1952 முதல் 1988 வரை, பெர்லினின் நாய்கோல்ன் வட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் வந்து தங்கும் விடுதியாக இருந்தது. ஆம், பள்ளிப் பிள்ளைகள்! ஏரிக்காற்று வாங்கினர், ஓடி ஆடினர், உண்டு உறங்கினர். இலட்சோப இலட்சம் குழந்தைகளின் சாவைத் திட்டமிட்ட கூரையின் கீழ், குழந்தைகள் விடுமுறையைக் கழித்தனர்.

எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமற் போகவில்லை. யோசப் வுல்ப் என்றோர் அறிஞர். ஆசுவிட்சு கொலைமுகாமிலிருந்து உயிர் தப்பிய யூதர். நாஜிக் குற்றங்களின் ஆவணங்களைத் தொகுத்து நூல் நூலாக வெளியிட்டவர். இந்த மாளிகையை ஆவணக் காப்பகமாக்குங்கள் என்று அறுபதுகளில் அவர் போராடினார். பிள்ளைகளின் விடுதிக்கு வேறு இடமில்லை என்பது போன்ற காரணங்கள் கூறப்பட்டன, கோரிக்கை நிறைவேறவில்லை. 1974-இல் வுல்ப் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மாளிகை நினைவிடமாகத் திறக்கப்பட்டது 1992-இல். அந்தக் கூட்டம் நடந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த நாளில். இன்று அங்குள்ள நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இருந்தபோது இடம் தராதவர்கள், இறந்தபின் பெயர் சூட்டினார்கள்!

அப்படியானால் கிழக்கும் மேற்கும் ஒன்றே என்று தராசை நேராக்கிவிடலாமா? கூடாது. மேற்கிலே வுல்ப் எழுத முடிந்தது, அச்சிட முடிந்தது, அரசை எதிர்த்துக் கேட்க முடிந்தது. செவிடர் காதில் ஊதிய சங்காயினும் சங்கைப் பறிக்கவில்லை. கிழக்கிலே காட்டுக் குழிகளைப் பற்றி வெளிப்படையாகக் கேட்பதே ஆபத்து. கிழக்கு ஜெர்மனியின் இரகசியப் போலீசான ஸ்டாசி, ஓகன்சோன்ஹவுசன் பகுதியில் ஒரு விசாரணைச் சிறை வைத்திருந்தது. கிழக்குப் பெர்லினின் நகர வரைபடங்களில் அந்த இடம் வெற்றிடமாக விடப்பட்டிருந்தது! பேசினால் கேட்பார் இல்லை என்பது ஒரு நாடு; பேசினாலே குற்றம் என்பது மற்றொரு நாடு. இந்த வேறுபாடு சிறிதன்று. மேற்கிலே மறதி கலைந்ததற்கும் இதுவே காரணம்.

1985-இல் பெர்லின் குடிமக்கள் சிலர் மண்வெட்டி ஏந்திக் கெஸ்டபோ நிலத்திற்குச் சென்றனர். புல்லை விலக்கி அடையாளமாகத் தோண்டினர். மறுஆண்டு முறையான அகழ்வு நடந்தது; புதையுண்ட அடித்தளச் சுவர்கள் வெளிப்பட்டன. 1987-இல் அங்கே கண்காட்சி திறந்தனர். அரசு காட்டாததை மக்கள் தோண்டிக் காட்டினர்! இன்று ‘பயங்கரத்தின் நிலவரை’ என்ற பொருள்படும் பெயருடன் அது பெரும் ஆவண மையமாக விளங்குகிறது. 2010-இல் புதுக் கட்டடமும் எழுந்தது. அதன் விளிம்பிலேயே பெர்லின் சுவரின் ஒரு நீண்ட துண்டும் நிற்கிறது. ஒரே இடத்தில் நின்று, ஒருபுறம் நாஜிக் கொடுமையையும் மறுபுறம் பிளவின் கொடுமையையும் காண்கிறான் மாணவன்.

இதற்கிடையே வகுப்பறையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. எழுபதுகளில், அரசியலைப் பள்ளியில் எப்படிக் கற்பிப்பது என்று மேற்கு ஜெர்மனியில் பெரும் பூசல். ஆளுக்கொரு கட்சி, கட்சிக்கொரு பாடம்! 1976-இல் பாய்ட்டல்ஸ்பாக் என்னும் ஊரில் பல தரப்புக் கல்வியாளரும் கூடினர். அங்கே பிறந்த உடன்பாடு மூன்று நெறிகளைக் கொண்டது. ஒன்று: மாணவனைத் திணறடித்து, ஆசிரியர் விரும்பும் கருத்துக்குள் தள்ளலாகாது. இரண்டு: அறிஞரிடையிலும் அரசியலிலும் கருத்து வேறுபாடு உள்ள பொருளை, வகுப்பிலும் வேறுபாடு உள்ள பொருளாகவே வைக்க வேண்டும். மூன்று: அரசியல் நிலையையும் அதில் தன் நலனையும் தானே ஆராய்ந்து, செயற்படும் வழியையும் தானே காண மாணவனுக்கு ஆற்றல் தர வேண்டும்.

இதைக் கேட்டதும் சிலர் கேட்பார்கள்: “அப்படியானால் நாஜிகள் செய்ததும் சரியாக இருக்கலாம் என்று இரு பக்கமும் பேச வேண்டுமா?” வேண்டியதில்லை! அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டது கருத்தன்று, நடந்த நிகழ்ச்சி. ஆவணம் உண்டு, சான்று உண்டு, குற்றவாளிகளின் வாக்குமூலமும் உண்டு. நிகழ்ச்சியை மறுப்பது கருத்துரிமையின் பெயரால் நடக்கும் பொய். ஆனால் அந்நிகழ்ச்சி எப்படி நேர்ந்தது, எத்தனை பேர் துணைநின்றனர், எங்கே தடுத்திருக்கலாம் – இவற்றை மாணவன் கேட்க வேண்டும், வாதிட வேண்டும், தானே முடிவுக்கு வர வேண்டும்.

1989 நவம்பர் 9-ஆம் நாள் சுவர் திறந்தது. மறுஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ஜெர்மனி ஒன்றாயிற்று. பூட்டிய கதவுகள் திறந்தன. புக்கன்வால்டு காட்டின் குழிகள் பற்றிய உண்மை ஊரறிய வெளிவந்தது. உடனே புதிய வம்பும் பிறந்தது. “பார்த்தீர்களா, சோவியத்தும் அதையேதான் செய்தது, நாஜிகளை மட்டும் ஏன் பழிக்கிறீர்கள்?” என்றது ஒரு கூட்டம். “குழிகளைப் பற்றிப் பேசினால் நாஜிகளுக்குத் துணைபோவதாகும்” என்றது இன்னொரு கூட்டம். வரலாற்றறிஞர் பெர்ன்ட் பவுலன்பாக் ஒரு நடுநெறியை வகுத்தார். சோவியத் கொடுமையைக் காட்டி நாஜிக் கொடுமையின் கனத்தைக் குறைக்கலாகாது. நாஜிக் கொடுமையைக் காட்டி சோவியத் கொடுமையை அற்பமாக்கலாகாது. அந்நெறியின் வழியே, 1997-இல் சிறப்பு முகாமைப் பற்றிய தனிக் கண்காட்சி அங்கே திறக்கப்பட்டது. குழிகள் இருந்த காட்டில் இன்று எஃகுத் தூண்கள் நிற்கின்றன.

இப்போது நடக்கும் நல்ல பயணங்கள் எப்படி அமைகின்றன? சொற்பொழிவைக் குறைத்து ஆவணத்தைக் கையில் கொடுக்கிறார்கள். வான்சே கூட்டத்தின் குறிப்பு முப்பது படிகள் எடுக்கப்பட்டது. ஒன்றே ஒன்றுதான் பின்னர் கண்டெடுக்கப்பட்டது. அதைப் படிக்கும் மாணவன், ‘கொலை’ என்ற சொல்லைத் தவிர்த்துக் கொலையைப் பேசும் அலுவலக மொழியைத் தானே கண்டுகொள்கிறான். ஓகன்சோன்ஹவுசன் சிறையில், ஒரு காலத்தில் அங்கே அடைபட்டிருந்தவர்களே வழிகாட்டிகளாய் வந்து பேசியதுண்டு. 111 கிலோமீட்டர் நீளத்துக்கு அடுக்கப்பட்ட ஸ்டாசிக் கோப்புகளை, 1992 முதல் பாதிக்கப்பட்டோரே பார்க்க வழி பிறந்தது. அண்டை வீட்டான் எழுதிய வேவுக் குறிப்பைக் கண்ட மாணவன், ஒற்றன் என்பவன் கொம்பு முளைத்தவன் அல்லன் என்று அறிகிறான்.

பெர்னாவர் தெருவில், சுவரில் மாண்டோரின் முகங்கள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அங்கே ஆசிரியர் கேட்க வேண்டிய வினா இது: 1989 பிப்ரவரியில், இருபது வயது கிரிஸ் கெப்ராய் சுவரைக் கடக்க முயன்று சுடப்பட்டார். சுட்டவனும் இளைஞன்தான். குற்றம் யாருடையது? விசையை இழுத்தவனுடையதா? ஆணையில் கையெழுத்திட்டவனுடையதா? கைதட்டி நின்ற கூட்டத்துடையதா? காவலர்களைத் தண்டித்த நீதிமன்றங்கள், 1997-இல் அந்நாட்டின் கடைசிக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான எகோன் கிரென்சுக்கும் ஆறரை ஆண்டு சிறை விதித்தன. அது நீதியா, வென்றவர் நீதியா என்று வாதிடட்டும் பிள்ளைகள்! அந்த வாதமே பாடம்.

கண்ணீர் மட்டும் பாடமாகாது. காலையில் வதைமுகாம், நண்பகலில் கடைத்தெரு, மாலையில் சுவரெதிரே புகைப்படம் என்று ஓடும் பயணம் காலை நோகச் செய்யும், கருத்தைத் தொடாது. முன்கூட்டிப் படிக்காமல் வந்தவன் கல்லைப் பார்ப்பான். படித்து, ஐயத்தோடு வந்தவன் கல்லின் பின்னே மனிதனைப் பார்ப்பான். சொல்பவர் யார் என்று மயங்காமல் சொல்லின் மெய்யைத் தேடச் சொன்ன வள்ளுவர் வழி இதுவே.

காலம் கடந்த கதை, நமக்கேன் கவலை என்று இருந்துவிட முடியுமா? முகாம்களிலிருந்து மீண்டவர்கள் ஒவ்வொருவராய் மறைந்து வருகிறார்கள். நேரில் கண்டு சொன்ன வாய்கள் அடங்க அடங்க, நடக்கவே இல்லை என்று சொல்லும் வாய்கள் பெருகுகின்றன. 2022-இல், புக்கன்வால்டில் மாண்டோரின் நினைவாக வைமார் அருகே நட்ட மரங்களை யாரோ வெட்டிச் சாய்த்தனர். மரத்தைக் கண்டும் மருண்டது பழைய வெறி!

ஆகவே, பிள்ளைகளை வரலாற்றுக் களங்களுக்கு அழைத்துச் செல்வோர்க்கு ஒரு சொல். எதைக் காட்டினீர்கள் என்று மட்டும் கணக்கெழுதாதீர்கள். எதைக் காட்டாமல் விட்டீர்கள் என்றும் எழுதுங்கள். பகைவன் செய்த கொடுமையைக் காட்டுவது எளிது; எந்த அரசும் அதற்குப் பணம் தரும், வண்டியும் தரும். நம்மவர் செய்ததைக் காட்டத்தான் நெஞ்சுரம் வேண்டும். பயணம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளை, “நாம் நல்லவர், அவர் தீயவர்” என்று மட்டும் சொன்னால், அப்பயணம் பழைய பிரசாரத்தின் புதிய பதிப்பு. “அங்கே நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?” என்று கேட்டால், அப்பிள்ளை கற்றுவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த தலைமுறையை எந்தச் சர்வாதிகாரியும் எளிதில் ஏய்க்க முடியாது.